மூடியைத் திறக்காதீர்கள்

இதைப் பேனாவால் எழுதுகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதன்முறையாகக் கை வலிக்க வலிக்க எழுதுகிறேன். போனிடம் சொல்லி எழுத வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தச் சனியனிடம் இனி ஒரு வார்த்தை சொல்வதாக இல்லை.

என் பெயர் பூமிநாதன். சீரனல் கம்பெனியின் ராமநாதபுரம் உதவி மையத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். பார்த்தேன் என்று எழுத வேண்டும், பழக்கம் விடவில்லை. எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். கண்டக்டர் சில்லறை தராவிட்டால் வரும், டீ ஆறிப்போயிருந்தால் வரும். வரவேண்டிய இடத்தில் மட்டும் வராது. இருளாயி அக்கா போன் செய்த அன்று வந்திருந்தால் ஏழு பேர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள்.

திறந்த நெருப்புக்குத் தடை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மின்சாரம் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்றான பிறகு ஃபிரிட்ஜ் என்பது மருந்துக்கடைக்கு மட்டும். ஆட்டை அறுத்தால் பொழுது சாய்வதற்குள் தின்று தீர்க்க வேண்டும். இல்லையென்றால் புகைபோட்டு வைக்க வேண்டும். புகைக்கறி மூன்று நாள் தாங்கும். கருவேலங்கரிக்கு எங்கள் ஜில்லாவில் பஞ்சமில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு பழைய எண்ணெய் டிரம்மை அறுத்து அடுப்பாக்கினார்கள். அந்த டிரம்மில் எங்கள் கம்பெனியின் பெட்டியைப் பொருத்தியிருந்தால்தான் பற்றவைக்க அனுமதி.

பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்ன விசிறி. டிரம்மின் மற்ற ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிடுவோம், காற்று போக விசிறியின் குழாய் ஒன்றுதான் வழி. இரண்டு ஊசிகள். ஒன்று கறிக்குள் செருகியிருக்கும், மற்றது கம்பித்தட்டின் பக்கத்தில். சூடு குறைந்தால் விசிறி சுற்றும், கரி கனலும். சூடு ஏறினால் விசிறி நிற்கும், கரி மூச்சடங்கும். நூற்றுப்பத்து டிகிரி என்று ஒருமுறை வைத்துவிட்டால் ஏழெட்டு மணி நேரம் யாரும் பக்கத்தில் போகவே வேண்டாம். நல்ல கருவி. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

கெட்டது, விசிறியை நிறுத்தும் பொத்தான் இன்னொன்று புகை வாரியத்திடம் இருந்ததுதான். ஜில்லாவில் புகை அளவு மீறினால் வாரியம் ஒரு தகவல் அனுப்பும். மூவாயிரம் டிரம்களின் விசிறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அதற்குப் பெயர் காற்று நிறுத்தம். இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம்.

சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. என் காதுக்கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

"தம்பி, கமுதிக்குத் தெக்க இருந்து இருளாயி பேசுறேன். கறி புகைபோடுறவ. மூடி சில்லுனு இருக்கு தம்பி."

"திரையில என்னம்மா காட்டுது?"

"நூத்திப்பத்துன்னுதான் காட்டுது. அதான் புரியல. எந்நாளும் இந்த மூடியில கைய வச்சா ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள வெடுக்குனு எடுத்துருவேன். இப்பக் கைய வச்சுக்கிட்டேதான் உன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்."

"திரை சரியாத்தாம்மா இருக்கும்."

"வேற நாளா இருந்தா உன்னையக் கூப்பிட்டே இருக்க மாட்டேன். தொறந்து ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுப் பாத்துருவேன். இது முனியய்யா கோயில் கெடா வெட்டு. படையல் போடுறதுக்கு முன்னாடி வாய் வைக்கக் கூடாது, மோந்துகூடப் பாக்கக் கூடாது. ருசி பாக்க முடியாமத்தான் உன்கிட்டக் கேக்குறேன். கறியத் தொடல, தொறந்து நெருப்புக் கங்கு கெடக்கான்னு மட்டும் பாத்துரட்டுமா?"

அப்போது நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் திரையில் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பெட்டியின் அந்த நேரத்து உண்மையான அளவு வரும், பதிவில் ஏறாது. அழுத்தினேன். நாற்பத்தொன்று என்று வந்தது. வெளியே வெயிலே அன்று கிட்டத்தட்ட அவ்வளவு இருந்தது. அவளுடைய விசிறி இரண்டு மணி இருபது நிமிடமாக நின்றுகொண்டிருந்தது. எங்கோ ஒரு கருவேலங்காடு பற்றி எரிந்து, அந்தப் புகைக்கு வாரியம் இவர்களின் காற்றை நிறுத்தியிருந்தது.

இறைச்சி வெதுவெதுப்பில் நாலு மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மூடியைத் திறக்கச் சொன்னால் காற்று உள்ளே போகும், நெருப்பு எழும்பும், நிறுத்த நேரத்தில் புகை வெளியேறியது என்று வாரியம் கம்பெனியைப் பிடிக்கும், கம்பெனி என் மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்த மாதத்தில் ஏற்கனவே இரண்டு முறை குறைத்திருந்தார்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் காற்று வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"மூடியைத் திறக்காதீங்கம்மா. திரையை நம்புங்க."

"அப்ப சரின்னு சொல்ற?"

"சரிதாம்மா."

"உன்னைய நம்பி விடுறேன் தம்பி."

காற்று பதினொன்று இருபதுக்கு வந்தது. சாம்பலுக்கடியில் கிடந்த நெருப்புத் துண்டுகளைப் பெட்டி ஊதி எழுப்பியது. மாலை நாலு மணிக்குக் கறிக்குள் சூடு எண்பத்தெட்டைத் தொட்டதும் பீப் அடித்தது. எலும்பெடுத்துச் சுருட்டிக் கட்டிய தொடைக்கறி, பதினெட்டுக் கெடாயுடையது, பார்க்க அவ்வளவு அழகாக வெந்திருந்ததாம். ஐந்து மணிக்குப் படையல். முதல் பங்கு சாமியாடிக்கு. சாமியாடியின் பெயர் வழிவிட்டான், இருளாயியின் புருஷன்.

இரண்டு நாளில் ஏழு பேர் செத்தார்கள். அதில் இரண்டு குழந்தைகள். வழிவிட்டானும் செத்தான். ஆஸ்பத்திரியில் ஏற்ற குளுக்கோஸ் பாட்டில்கூடப் போதவில்லை.

திங்கட்கிழமை என் மேலாளர் ஜெசிந்தா என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை. என் தங்கச்சி பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவள்.

"டாக்டர் ரிப்போர்ட் வந்திருச்சு பூமி. கிருமி வெந்து செத்துருச்சாம். ஆனா அது கக்கிட்டுப் போன விஷம் சூட்டுக்குச் சாகாதாம். கறி எங்கயோ ரொம்ப நேரம் ஆறிக் கிடந்திருக்குங்குறாங்க."

"எங்கயோ இல்ல மேடம். டிரம்முக்குள்ளதான்."

"பெட்டியோட பதிவுல காலையில ஏழு மணியிலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் நூத்திப்பத்துலயே இருக்கு. கோடு ஆடக்கூட இல்ல."

"அது தையல் போட்ட கோடுன்னு உங்களுக்கும் தெரியும்."

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். என் அழைப்பின் குறிப்பு அதில் இருந்தது. எங்கள் அழைப்புகளின் குரலை யாரும் சேமிப்பதில்லை, அதற்கெல்லாம் இடமில்லை. 'சாரம்' என்று ஒரு மென்பொருள் கேட்டுக்கொண்டே இருந்து, முடிந்ததும் இரண்டு வரி எழுதிவிட்டுக் குரலை அழித்துவிடும். பச்சை விளக்கு எரிந்தால் அது கேட்கிறது என்று அர்த்தம். இருளாயி அக்காவின் அழைப்புக்கு அது எழுதியிருந்தது: "வாடிக்கையாளர் வெப்பநிலை குறித்துப் பொதுவான கேள்வி கேட்டார். விளக்கம் அளிக்கப்பட்டது. வாடிக்கையாளர் திருப்தி."

"உன் பேருகூட இதுல இல்ல. நிம்மதியா இரு" என்றாள் ஜெசிந்தா. "நாளைக்குப் போயி அந்தப் பெட்டியக் கழட்டிக் கொண்டாந்துரு. வாரியம் கேக்குது."

நிம்மதியாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் போனேன். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் டிரம் நின்றது. பக்கத்தில் ஒரு முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம். வலது உள்ளங்கை பூராவும் பழைய சூட்டுத் தழும்பு. நான் ஒன்றும் பேசாமல் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மூடியில் போலீஸ் ஒட்டியிருந்த அரக்கு முத்திரையில் அவள் கை பட்டது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"மூடியைத் திறக்காதீங்கம்மா."

அவள் கையை எடுக்கவில்லை. என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"நீதானா அது."

பொய் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

"உக்காரு" என்றாள். நான் மண்ணில் உட்கார்ந்தேன். "போலீசுகிட்டச் சொன்னேன், ஒரு தம்பி தொறக்காதன்னு சொன்னுச்சுன்னு. அப்பிடி யாருமே பேசலன்னுட்டாங்க. எனக்கே சந்தேகமாப் போச்சு. நாந்தான் புத்தி பேதலிச்சு நெனச்சுக்கிட்டேனோன்னு."

"பேசுனேன்க்கா."

"அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் நடந்துச்சு. இப்பவாச்சும் சொல்லு."

சொன்னேன். "விசிறியை நிறுத்திட்டாங்கக்கா. மூணு மணி நாப்பது நிமிசம். நெருப்பு அமுந்து போச்சு."

"அப்ப அந்த நூத்திப்பத்து?"

"விசிறி நின்னா சூடு இறங்குறது திரையில தெரியும். தெரிஞ்சா எல்லாரும் எங்களுக்குப் போன் போடுவீங்க. மூடியத் தொறப்பீங்க. அதனால, காத்து நிறுத்தம் வந்தா அதுக்கு முன்ன என்ன சூடு இருந்துச்சோ அதையே காட்டச் சொல்லி வச்சிருக்கு. இருபது நிமிசத்துக்குன்னு வச்சாங்க. அன்னைக்கு இருபது நிமிசம் தாண்டியும், சூடு பழையபடி ஏறுற வரைக்கும் பெட்டி அதையே காட்டிக்கிட்டு இருந்துச்சு. நாங்க அதைத் தையல் போடுறதுன்னு சொல்லுவோம். கிழிஞ்ச எடத்துல தெரியாமத் தச்சுரும்."

"மத்த டிரம்லயும் இப்பிடித்தானா?"

"எல்லாத்துலயும்தான். அங்கல்லாம் மீனு, வெந்த கறி, மெல்லிசா வகுந்தது. வயித்தால போனவுக வெயில்னு நெனச்சுருப்பாக. பச்சத் தொடையச் சுருட்டி வச்சது அன்னைக்கு நீங்க மட்டும்தான்."

கொட்டகைத் தகரம் வெயிலில் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

"உனக்கு அது தெரியுமா. நான் கேக்கயில."

"தெரியும்க்கா. பாத்தேன். நாப்பத்தொண்ணு."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"செத்த ஆட்டுக் கறியப் போட்டேன்னு சொல்றாங்க தம்பி" என்றாள். "நெருப்பு சரியா எரிஞ்சிருக்கு, அப்பக் கறிதான் கெட்டதுன்னு. எங்கய்யா காலத்துல இருந்து இந்த ஊருக்குக் கறி போடுறேன். அழுகுனதப் போட்டேனாம். எம் புருசனுக்கே போட்டேனாம். அவரு எழவுக்குக் கொழுந்தனாரு வீட்டுல என்னைய வாசல்லயே நிறுத்திட்டாங்க. அந்த ரெண்டு பிள்ளைகளப் பெத்தவ மண்ண வாரி எறியிறா."

"அக்கா..."

"செயிலுக்கு வேணாப் போறேன். தீயப் பாக்காம விட்டது என் தப்புதான், கையி சொன்னதக் கேக்காம உன் பேச்சக் கேட்டேன். ஆனா அழுகுன கறியப் போடல. அத மட்டும் சொல்லிரு. வியாழக்கெழம விசாரண. வந்து சொல்லிரு."

"சொல்றேன்க்கா."

"போன தடவயும் சரின்னுதான் சொன்ன."

அதற்கு மேல் அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்தேன், பக்கத்திலேயே என் அடையாள அட்டையையும் வைத்தேன். "பைத்தியமாடா உனக்கு" என்று அவள் கேட்டது படி இறங்கும் வரை கேட்டது.

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் வாரியத்தின் விசாரணை அதிகாரி ஒருவர் மட்டும். கண்ணுக்குக் கீழே பை விழுந்த, களைத்த மனிதர். அவர் முன்னால் ஒரு மைக், அதில் ஒரு பச்சை விளக்கு. கீழே நாற்காலிகளில் ஊர்ச்சனம். முன்வரிசையில் இருளாயி அக்கா, இரண்டு பக்கமும் பெண் போலீஸ். அந்த ஊரில் அன்று பெட்டி ஓட்டிய முப்பத்தாறு பேர் வரிசையாக வந்து, "எங்க பெட்டி நல்லாத்தாங்க ஓடுச்சு, நூத்திப்பத்துலயே நின்னுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. திரையில் பார்த்ததைச் சொன்னார்கள்.

முப்பத்தேழாவதாக நான் ஏறினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானைச் சொன்னேன், நாற்பத்தொன்றைச் சொன்னேன், தையலைச் சொன்னேன், அவள் கை வைத்துக்கொண்டே பேசியதைச் சொன்னேன். என் மதிப்பெண்ணையும் விடாமல் சொன்னேன். "கறி நல்ல கறி சார். அழுக வச்சது நாங்க" என்று முடித்தேன். மண்ணை வாரி எறிந்தாள் என்றார்களே அந்தத் தாய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இருளாயி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

கீழே மேசையில் இருந்த இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. காவலர் எடுத்து என்னிடம் நீட்டினார். என் வாக்குமூலம். நாலே வரி.

"சாட்சி எண் 37, கருவி நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். கருவி செயல்படும் முறையை விளக்கினார். சம்பவ நாளில் கருவி வழக்கம்போல் இயங்கியது என்ற பிற சாட்சிகளின் கூற்றோடு ஒத்துப்போகிறார். இறைச்சியின் தரம் குறித்து வருத்தம் தெரிவித்தார்."

இரண்டு முறை படித்தேன். அப்புறம்தான் அந்தப் பச்சை விளக்கைச் சரியாகப் பார்த்தேன். ஆறு வருடம் என் காதோரம் எரிந்த அதே விளக்கு.

"சார், இது நான் சொன்னதில்ல."

"சாரம் எழுதுறதுதான்பா பதிவு" என்றார் அதிகாரி. "முப்பத்தாறு பேரு ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒருத்தர் வேற சொல்றீங்க. ஒத்தையா நிக்கிறத அது பிசகுன்னு எடுத்துக்கும். சேத்துத் தச்சுரும்."

"நீங்க கேட்டீங்கல்ல சார். உங்க காதால."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டேன். மேல போறது இந்தத் தாள்தான். நான் கேட்டதுக்குப் பதிவு இல்ல."

"அப்ப நான் எழுதித் தர்றேன். கையெழுத்துப் போட்டு."

"கையால எழுதுனத வாங்குறதுக்கு எங்ககிட்ட எடமே இல்லப்பா. எறங்குங்க."

அப்போது வந்தது கோபம். மைக்கைப் பிடுங்கி எறிந்தேன், இரண்டு பேர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அதைச் சாரம் என்னவென்று எழுதியதோ தெரியாது.

வாசலில் வேன் நின்றது. தாள்கள் மேலே போய் உடனே திரும்பி வந்த தீர்ப்பை, பத்து வருடச் சிறை என்று உள்ளே சொல்லி முடித்துவிட்டு இருளாயி அக்காவை அழைத்து வந்தார்கள். கெட்ட இறைச்சி பரிமாறி ஏழு உயிர்கள் போகக் காரணமானாள் என்று. ஊர்ச்சனம் ஒதுங்கி வழிவிட்டது. என் வாயால் சொன்னதைக் காதால் கேட்ட சனம்தான். ஆனால் ஒவ்வொருவர் போனுக்கும் அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டிருந்தது, அவர்கள் குனிந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாயும் படித்தாள். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா என்னிடம் வந்து நின்றாள். பெண் போலீஸ் தடுக்கவில்லை.

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு தம்பி. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. வாசி."

ஒரு நொடி, வேறு மாதிரி வாசித்துவிடலாம் என்று நினைத்தேன். நான் சொன்னதையே அப்படியே வாசித்தால் இவளுக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள். பத்து வருடத்துக்கு அது போதுமே. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று இவளுக்கு நான் ஏற்கனவே ஒருமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன்.

அவள் தாளை வாங்கினாள். திருப்பிப் பார்க்கவில்லை. அந்தத் தழும்புக் கையை அதன்மேல் விரித்து வைத்தாள். இயந்திரத்திலிருந்து வந்து, வாசல் வெயிலில் என் கையில் கிடந்த தாள்.

"அன்னைக்கு மூடிதான் சில்லுனு இருந்துச்சு" என்றாள். "இந்தப் பொய்யி சூடாத்தான் இருக்கு."

அதை என்னிடமே கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள்.